ஜெர்மனி மென்சா: இரண்டு வருடம் மதியச் சாப்பாடு சாப்பிட்டவன் சொல்கிறேன்

அக்டோபரில் ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்புகிற தம்பி தங்கைகள் ஜூலை மாதத்திலேயே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். குக்கர் கொண்டு வரணுமா அண்ணா, பொன்னி அரிசி கிடைக்குமா, புளி எத்தனை கிலோ எடுத்து வரலாம், மிளகாய்த்தூளை விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களா. குக்கர் கொண்டு வாருங்கள். அரிசியும் புளியும் இங்கேயே ஆசியக் கடைகளில் கிடைக்கும். ஆனால் இதுவரை ஒருவர்கூட என்னிடம் மென்சாவைப் பற்றிக் கேட்டதில்லை. இரண்டு வருடம் நான் மதியம் சாப்பிட்ட இடம் அதுதான், மாதக் கடைசியில் என் கணக்கு கையை மீறாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

மென்சா என்றால் லத்தீனில் மேசை என்று பொருள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் சாப்பாட்டுக் கூடத்துக்கு அதுதான் பெயர். நம் ஊர் காலேஜ் கேன்டீன் மாதிரி ஒரு குத்தகைக்காரர் எடுத்து நடத்துகிற கடை இல்லை. ஷ்டூடீரெண்டன்வெர்க் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. நாடு முழுக்க 57 இருக்கின்றன. மாணவர் விடுதி, படிப்பு உதவித்தொகை, சாப்பாடு மூன்றும் அதன் பொறுப்பு. முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனி பஞ்சத்தில் கிடந்தபோது மாணவர்களுக்கு ஒருவேளை சூடான சோறாவது போட வேண்டும் என்று தொடங்கிய உதவிச் சங்கங்கள்தான் இதற்கு மூலம். 1921-ல் ட்யூபிங்கனில் அவற்றை இணைத்து ஒரு தலைமைச் சங்கம் வைத்தார்கள். நூறு வருடம் ஆகியும் அந்த அடிப்படை மாறவில்லை. லாப நோக்கம் கிடையாது, மாநில அரசு பணம் தருகிறது, நாம் ஒவ்வொரு செமஸ்டரும் கட்டுகிற கட்டணத்திலும் ஒரு பங்கு இதற்குப் போகிறது. அதாவது நீங்கள் மென்சா பக்கமே போகாவிட்டாலும் அதற்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் முதல் இரண்டு மாதம் பாதி நாள் நான் டப்பாவில் லெமன் சாதம் கட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே தட்டுக்கு மூன்று விலை எழுதியிருப்பார்கள்: மாணவருக்கு ஒன்று, ஊழியருக்கு ஒன்று, வெளியாளுக்கு ஒன்று. மாணவர் விலை நான் படிக்கும் கிழக்கு ஜெர்மனி ஊரில் பெரும்பாலும் இரண்டரை யூரோவிலிருந்து நாலு யூரோவுக்குள். வெளியாள் விலை ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. தெருவில் இறைச்சி சீவி வைத்துத் தரும் ஒரு டோனர் ரொட்டி இன்று ஏழு யூரோ. விசாவுக்காக, மாதாமாதம் ஒரு அளவுக்கு மேல் எடுக்க முடியாத முடக்கக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்கிறார்களே, 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ, அந்த 992-ல் விடுதி வாடகையும் இன்சூரன்சும் போனபின் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மாதம் இருபது நாள் மதியம் மென்சா என்றால் எழுபது யூரோவுக்குள் முடிந்துவிடும். வீட்டில் சமைத்தால் இதைவிடக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் சமைக்க ஒரு மணி நேரம், பாத்திரம் கழுவ அரை மணி நேரம், பொதுச் சமையலறையில் அடுப்பு காலியாகக் காத்திருக்கும் நேரம், இவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பரீட்சை மாதத்தில் அந்த நேரத்துக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை, இது கார்டு பற்றியது. பெரும்பாலான மென்சாக்களில் பணத்தை நீட்ட முடியாது. மாணவர் அடையாள அட்டையிலோ தனி சிப் கார்டிலோ முன்கூட்டியே பணம் ஏற்றிவைத்து, கல்லாவில் அதைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். நான் வந்த புதிதில் ஏற்றும் எந்திரம் ஜெர்மன் வங்கி அட்டையை மட்டும்தான் எடுத்தது. என்னிடம் இருந்ததோ ஊரில் வாங்கி வந்த ஃபாரெக்ஸ் கார்டு. வங்கிக் கணக்கு திறக்க முகவரிப் பதிவு வேண்டும், முகவரிப் பதிவுக்கு முன்பதிவு வேண்டும், முன்பதிவு கிடைத்தது மூன்று வாரம் கழித்து. அந்த மூன்று வாரமும் மாணவர் விலைக்கு மென்சாவில் சாப்பிட வழியே இல்லை. புது மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிற அக்டோபர் மாதத்தில், ரொக்கம் போட்டு ஏற்றுவதற்கு ஒரு எந்திரமாவது வைத்திருக்க வேண்டாமா? பக்கத்து வளாகத்தில் அப்படி ஒன்று இருந்தது என்று எனக்குத் தெரிந்தது டிசம்பரில். அதனால் முதல் நாளே சீனியர் யாரையாவது பிடித்து, ரொக்கம் எங்கே ஏற்றலாம் என்று கேட்டுவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று. ஜெர்மன்காரர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாடாக எதை நினைத்துச் சமைக்கிறார்களோ அதை மென்சாவில் தைரியமாகச் சாப்பிடுங்கள். நம் ஊர்ச் சாப்பாடு என்று நினைத்து எதைச் சமைக்கிறார்களோ அதைத் தொடாதீர்கள்.

இது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. பட்டியலில் "இந்தியக் கறி", "கொண்டைக்கடலைக் கறி, பாஸ்மதி சோறு" என்று பார்த்தாலே கால் அந்த வரிசைக்குத்தான் போகும். வீட்டை விட்டு வந்து நாலு வாரம் ஆன எவருக்கும் போகும். தட்டில் வருவதோ தேங்காய்ப்பாலில் மஞ்சள் கறித்தூள் கலந்த ஒரு குழம்பு. வெங்காயம் வதங்கியிருக்காது, தாளிப்பு என்ற ஒன்றே இருக்காது, கறிவேப்பிலை வாசனைக்கு வழியே இல்லை. சில நாள் அதில் அன்னாசிப்பழத் துண்டு கிடக்கும். உப்பு குறைவு, காரம் அறவே இல்லை, இனிப்பு மட்டும் தூக்கலாக இருக்கும். சோறு பெரிய தட்டில் நீராவியில் வெந்து ஒரு மணி நேரம் சூடுபெட்டியில் இருந்து, மேலே காய்ந்து கீழே ஈரமாக வரும். நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் சமைக்கிற அடுப்படியில் இந்தக் குழம்புக்கு வேண்டிய பொறுமை கிடைக்காது. சமைப்பவருக்கும் அது சொந்த ருசி இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தத் தட்டைச் சாப்பிட்டு முடிக்கும்போது வயிறு நிறைந்திருக்கும், வீட்டு ஞாபகம் இரண்டு மடங்காகியிருக்கும். பல பிள்ளைகள் இந்தக் கறியை இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டு "மென்சா சாப்பாடு வாயில் வைக்க முடியாது" என்று முடிவு கட்டி, அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. அந்த முடிவு தவறு.

எனக்கு அதைத் திருத்தியது ஒரு பருப்புக் குழம்பு. நவம்பர் கடைசி, வெளியே பொடி மழை, கறி வரிசை கதவு வரைக்கும் நீண்டிருந்ததால் ஆள் இல்லாத ஐன்டோப்ஃப் கவுண்டருக்குப் போனேன். ஐன்டோப்ஃப் என்றால் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு வேகவைத்தது. அன்றைக்கு லின்சன், அதாவது பருப்பு. நம் மைசூர்ப் பருப்பைத் தோலோடு, கொஞ்சம் பெரிய அளவில் நினைத்துக்கொள்ளுங்கள். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். கேரட், செலரிக் கிழங்கு, லீக் என்ற பெரிய வெங்காயத்தாள், உருளைக்கிழங்கு எல்லாம் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டு, பருப்பு பாதி உடைந்தும் பாதி முழுசாகவும் கொழகொழவென்று இருந்தது. அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா கரண்டியால் ஆழமான தட்டில் ஊற்றிவிட்டு, "எஸ்ஸிக்?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, கவுண்டர் ஓரத்தில் இருந்த கண்ணாடிக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். வினிகர். நான் தலையை ஆட்டினேன். அவரே பருப்பின் மேல் வட்டமாக இரண்டு சுற்று விட்டு, பக்கத்திலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தைக் காட்டி ஒரு சிட்டிகை போட்டுக்கொள் என்று விரலால் சைகை செய்தார்.

உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் புரிந்துவிட்டது. பருப்பு, புளிப்பு, ஓரத்தில் ஒரு துளி இனிப்பு. அம்மா சாம்பாரில் கடைசியாகக் கிள்ளிப் போடுகிற வெல்லத்தின் ஞாபகம். சாம்பார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பெருங்காயம் இல்லை, மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை. ஆனால் பருப்பு தனியாக இருந்தால் மந்தமாக இருக்கும், அதை ஒரு புளிப்பு தூக்கிவிட வேண்டும் என்ற அறிவு இந்த ஊரிலும் இருக்கிறது. நாம் புளி கரைத்து ஊற்றுகிறோம், அவர்கள் வினிகர் விடுகிறார்கள். நான் இருக்கும் கிழக்கு ஜெர்மனிப் பக்கத்தில் இந்தப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த பருப்பு வீட்டுச் சமையல். பாட்டி காலத்துச் சாப்பாடு என்று கூடப் படிப்பவன் சொன்னான். அன்றிலிருந்து வார மெனு வந்ததும் நான் முதலில் தேடுவது லின்சன் எந்த நாள் என்றுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. தோலோடு அவித்த உருளைக்கிழங்கும் க்வார்க்கும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த ஒரு தட்டு இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் லௌசிட்ஸ் பக்கத்துச் சாப்பாடு. க்வார்க் என்பது கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தது மாதிரி இருக்கும், அதில் வெங்காயமும் பொடியாக நறுக்கிய பச்சைத்தாளும் கலந்து தருவார்கள். எண்ணெய் லேசாகக் கசக்கும். முதல் தடவை அந்தக் கசப்பு பிடிக்காது, மூன்றாவது தடவை அது இல்லாமல் உருளைக்கிழங்கு இறங்காது. நான் பையில் எப்போதும் ஒரு சின்னக் குப்பியில் இட்லிப்பொடி வைத்திருப்பேன். சூடான அவித்த கிழங்கைப் பிட்டு, அந்த எண்ணெயில் இட்லிப்பொடியைக் குழைத்துத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். எங்கள் மேசையில் ஒரு ஜெர்மன் பையன் இப்போது அந்தக் குப்பி எங்கே என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறான். உருளைக்கிழங்கை இவர்கள் வேகவைக்கிற பக்குவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிழங்கிலேயே ரகம் பிரித்து விற்கிறார்கள், வெந்தால் மாவாகிறது ஒன்று, வெந்தாலும் கட்டியாக நிற்பது ஒன்று, எந்தச் சமையலுக்கு எது என்பதில் தெளிவாக இருக்கிறார்கள். நாம் அரிசியில் பார்க்கிற அத்தனை நுணுக்கத்தையும் இவர்கள் கிழங்கில் பார்க்கிறார்கள். மென்சாவில்கூட அவித்த கிழங்கு குழைந்து வந்து நான் பார்த்ததில்லை.

இனிப்பு விஷயத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. இவர்கள் மதியச் சாப்பாடாகவே இனிப்பைச் சாப்பிடுவார்கள். மில்ஷ்ரைஸ் என்று ஒரு தட்டு நிறையப் பாலில் குழைய வேகவைத்த குட்டை அரிசி, மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும், அல்லது சூடான செர்ரிப்பழம். ஏலக்காயும் முந்திரியும் போடாத, கெட்டியான பால் பாயசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக அதை மட்டும் சாப்பிட்டால் மூன்று மணிக்குப் பசிக்கும், அதனால் ஒரு சூப்போடு எடுங்கள். கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் க்வார்க்கோய்ல்ஷன் என்று ஒன்று உண்டு. க்வார்க், வேகவைத்து மசித்த கிழங்கு, மாவு, முட்டை கலந்து தட்டையாகப் பொரித்தது. வெளியே மொறுமொறு, உள்ளே பணியாரம் மாதிரி மெத்து, தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். நான் மென்சாவில் சாப்பிட்டதிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று யோசிக்காமல் சொல்வேன். மாதத்துக்கு ஒரு முறை வந்தாலே பெரிது, வருகிற நாளில் 12 மணிக்குள் போய்விட வேண்டும்.

பழைய கிழக்கு ஜெர்மனிக் காலத்து உணவுகளும் இந்தப் பக்கத்து மென்சாக்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சொல்யாங்கா என்ற புளிப்புச் சூப், தக்காளியும் ஊறவைத்த வெள்ளரியும் குடமிளகாயும் போட்டது. காரத்துக்கு ஏங்குகிறவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் அதில் தொத்திறைச்சி இருக்கும், பெரும்பாலும் பன்றி. யேகர்ஷ்னிட்சல் என்ற பெயரில் தெற்கிலும் மேற்கிலும் இறைச்சித் துண்டும் காளான் குழம்பும் வரும். இங்கே அதே பெயரில் தொத்திறைச்சி வட்டத்தை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து நூடுல்ஸ், தக்காளிக் குழம்போடு தருகிறார்கள். தெரியாமல் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

இறைச்சி, சைவம் விஷயத்தை இங்கேயே விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மனம் நோகிறார்கள். என் அறைத் தோழன் சுத்த சைவம். முட்டையும் தொடமாட்டான். நான் புகழ்ந்ததைக் கேட்டு ஒரு நாள் அவனும் பருப்பு வாங்கினான். பாதி சாப்பிட்ட பிறகு கரண்டியில் இளஞ்சிவப்பாக ஒரு சின்னச் சதுரம் வந்தது. என்னடா இது என்றான். ஷ்பெக். பன்றிக் கொழுப்பை உப்புப் போட்டுப் புகையில் வாட்டிச் சின்னதாக வெட்டிப் போடுவது. நான் வழக்கமாக வாங்கியது வேறு நாள், வேறு பானை. அன்றைக்கு இருந்த பானையில் அது இருந்தது. மெனுவில் குறிப்பு இருந்தது, கவுண்டரில் வைத்திருந்த பலகையில் அது விட்டுப்போயிருந்தது. அவன் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பலகையில் இல்லாததைப் பற்றிச் சொன்னபோது அங்கிருந்தவர் மன்னிப்புக் கேட்டார், மறுநாளிலிருந்து எழுதினார்கள். ஆனால் அவனிடம் நான் கேட்ட மன்னிப்பு இன்னும் எனக்குப் போதவில்லை. பார்க்காமல் வாங்கச் சொன்னது நான்தானே.

அதனால் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் "வெகெடாரிஷ்" என்றால் இறைச்சியும் மீனும் இல்லை என்றுதான் பொருள், முட்டை தாராளமாக இருக்கும். முட்டை வேண்டாம் என்றால் "வீகான்" என்று குறித்ததைத்தான் எடுக்க வேண்டும். அதில் பாலும் இருக்காது, முட்டையும் இருக்காது, ஜெலட்டினும் இருக்காது. ஜெலட்டினை ஏன் சொல்கிறேன் என்றால், தயிர் மாதிரி இருக்கும் சில இனிப்புக் கிண்ணங்களில் அது கலந்திருக்கும், மாட்டு எலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுத்தது. மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் கீழே எண்களும் எழுத்துகளும் வரிசையாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் குறிக்க வேண்டும், 2014 டிசம்பரிலிருந்து இது பொதியில் அடைக்காத உணவுக்கும் பொருந்தும். பன்றி, மாடு, கோழி எது என்பதைப் பெரும்பாலான மென்சாக்கள் தனியாகப் படமாகவோ எழுத்தாகவோ காட்டுகின்றன. எந்த எழுத்து எதற்கு என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் மென்சாவின் பட்டியலைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொத்துக்கறி சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: "கெமிஷ்ட்" என்று எழுதியிருந்தால் மாடும் பன்றியும் கலந்தது. சந்தேகம் வந்தால் கேளுங்கள், கேட்பதை யாரும் இங்கே தப்பாக எடுப்பதில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்கள்கூட அவசரப்படுத்த மாட்டார்கள்.

சைவப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. பெர்லின் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே ஃப்ரை பல்கலைக்கழகத்தில் 2010-லேயே ஜெர்மனியின் முதல் சைவ மென்சாவைத் திறந்தார்கள், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2019-ல் முழுக்க வீகான் மென்சா வந்தது. 2021 அக்டோபரில் பெர்லின் மென்சாக்களின் மெனுவில் 96 விழுக்காட்டைச் சைவமாகவோ வீகானாகவோ மாற்றினார்கள். இறைச்சியும் மீனும் தலா இரண்டு விழுக்காடு. மாணவர்களே கேட்டு வாங்கிய மாற்றம் இது. ஒரு கருத்தரங்குக்குப் போனபோது என் தோழனையும் கூட்டிப் போனேன். எந்தப் பலகையையும் இரண்டு முறை படிக்காமல் அவன் தட்டை நிரப்பியதை அன்றுதான் பார்த்தேன்.

மென்சாவுக்காகவே ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்றால் சார்ப்ரூக்கன் நகரத்து மென்சா. கட்டடக் கலைஞர் வால்டர் ஷ்ரெம்ஃபும் சிற்பி ஓட்டோ ஹெர்பர்ட் ஹாயெக்கும் சேர்ந்து கட்டி 1970-ல் திறந்தது. வெறும் கான்கிரீட், அதில் சிவப்பும் நீலமும் மஞ்சளும். கூரை, தூண், சுவர், விளக்கு எல்லாம் ஒரே சிற்பமாகத் தொடர்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். மாணவர்களுக்கு மலிவாகச் சோறு போடுகிற இடத்துக்கு இத்தனை சிரத்தை எடுத்திருக்கிறார்களே என்று ஒரு கோயில் மண்டபத்தில் நிற்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

குறை என்று பார்த்தால், நேரம்தான் பெரிய குறை. எங்கள் மென்சா 11 மணிக்குத் திறந்து 2 மணிக்கெல்லாம் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்துவிடும். ஒன்றரை மணிக்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்து பொரித்த கிழங்கு மட்டும் இருக்கும். இரவு இல்லை. சனி ஞாயிறு இல்லை. பெரிய நகரங்களில் ஒன்றிரண்டு மென்சா மாலையிலும் திறந்திருக்கும், ஆனால் பொதுவாக இதுதான் நிலைமை. இதற்குக் காரணம் இந்த ஊர்ப் பழக்கம். மதியம் ஒருவேளைதான் சூடான சாப்பாடு, இரவில் ரொட்டி, சீஸ், குளிர்ந்த இறைச்சித் துண்டு என்று முடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயரே மாலை ரொட்டி. இரவில் சோறு சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது ஒத்துவராது. அதனால்தான் குக்கர் கொண்டு வாருங்கள் என்று முதலிலேயே சொன்னேன். மதியம் மென்சா, இரவு ஒரு ரசம் சோறு அல்லது கோதுமை ரவை உப்புமா, இதுதான் எனக்குச் சரிப்பட்டு வந்த ஏற்பாடு.

கிறிஸ்துமஸ் விடுமுறையை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். இரண்டு வாரம் மென்சா மூடிவிடும், அதே நாட்களில் கடைகளும் அடுத்தடுத்து மூடும், விடுதியில் ஜெர்மன் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நாலரை மணிக்கு இருட்டிவிடும். முதல் வருடம் 25-ஆம் தேதி மதியம் என்னிடம் இருந்தது அரை பாக்கெட் சேமியா. அரிசி, பருப்பு, உறைந்த காய் எல்லாம் 23-ஆம் தேதிக்குள் வாங்கி வையுங்கள். பக்கத்து அறையில் யார் ஊருக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

குடிக்கத் தண்ணீர் தனிக் காசு, அதனால் பாட்டில் எடுத்துப் போங்கள். கிழங்கோ சோறோ கூடக் கேட்டால் எங்கள் கவுண்டரில் முகம் சுளிக்காமல் போடுவார்கள், இறைச்சித் துண்டு மட்டும் எண்ணித்தான். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் ஓடும் பட்டையில் வைக்க வேண்டும்.

மற்ற நாட்டு நிலவரமும் கேட்டால் சொல்கிறேன். பிரான்சில் இருக்கும் சித்தி மகள் அங்கே க்ரூஸ் என்ற மாணவர் சேவை அமைப்பின் உணவகத்தில் முழுச் சாப்பாடு 3.30 யூரோவுக்குச் சாப்பிட்டாள், உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு அப்போது அதுவே ஒரு யூரோவாக இருந்தது. பின்லாந்தில் அரசின் கேலா நிறுவனம் ஒவ்வொரு மாணவர் சாப்பாட்டுக்கும் மானியம் தருகிறது, முக்கிய உணவு, சாலட், ரொட்டி, பால் எல்லாம் அந்த ஒரே விலைக்குள். அந்த இரண்டு நாடுகளையும் பார்த்தால் ஜெர்மனியில் விலை ஊருக்கு ஊர் வேறுபடுவதும் வருடாவருடம் ஏறுவதும் எனக்கு உறுத்துகிறது. நான் வந்தபோது இருந்த விலைக்கும் இப்போது இருப்பதற்கும் ஒரு தட்டுக்கு அரை யூரோவுக்கு மேல் வித்தியாசம். மாதத்துக்குப் பத்து யூரோ என்பது ஒரு மாணவருக்குச் சின்னத் தொகை இல்லை.

கடைசியாக, சாப்பாட்டைவிட எனக்கு முக்கியமாகப் போனது ஒன்று. இங்கே யாரும் "வா, பழகலாம்" என்று கூப்பிடமாட்டார்கள். ஆய்வகத்தில் ஒரே அறையில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தாலும் வேலை தவிர வேறு பேச்சு வராது. ஆனால் பதினொன்றரை ஆனதும் யாராவது ஒருவர் எழுந்து "மென்சா?" என்று ஒரே ஒரு சொல் கேட்பார். அந்தச் சொல்லுக்கு எழுந்து கூடப் போனால் அவர் உங்களோடு ஒரு மணி நேரம் பேசுவார். டப்பா வைத்திருக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். மரியாதை என்று நினைத்து நிறுத்தியது அது, தொந்தரவு செய்யக்கூடாதென்று. நானே போய் இன்றைக்கு நானும் வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் மறுபடி தொடங்கியது. என் ஆய்வுக் கட்டுரைக்கு வழிகாட்டி கிடைத்தது, அறை மாற உதவி கிடைத்தது, எந்த மருத்துவர் ஆங்கிலம் பேசுவார் என்று தெரிந்தது, எல்லாம் அந்த மேசையில்தான். ஈரோட்டு அக்கா ஒருவர், எனக்கு மூன்று வருடம் சீனியர், வந்த புதிதில் சொன்னார்: "தம்பி, டப்பா கட்டிட்டு வந்தாலும் வா, அங்கே உட்கார்ந்து சாப்பிடு." அப்போது கேட்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து மென்சா மேசையில் உட்கார்ந்து சாப்பிட எங்கள் ஊரில் தடையும் இல்லை, ஓரத்தில் மைக்ரோவேவ்கூட வைத்திருக்கிறார்கள். மென்சா உணவு ஒத்துக்கொள்ளாத என் அறைத் தோழன் இப்போது அப்படித்தான் வருகிறான், தயிர்சாத டப்பாவோடு, பதினொன்றரைக்கு.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு நான்கு. ஒன்று குறைத்தது நேரத்துக்கும் அந்தக் கார்டு எந்திரத்துக்கும். உங்கள் மென்சாவின் வார மெனு ஞாயிற்றுக்கிழமையே இணையத்தில் இருக்கும். அதில் லின்சன் என்று இருக்கிறதா பாருங்கள். ஷ்பெக் இல்லாததா என்று குறிப்பைப் படியுங்கள். வினிகர் கேட்க வேண்டிய சொல் எஸ்ஸிக். எங்கள் மென்சாவில் குப்பி கவுண்டரின் இடது ஓரத்தில் இருக்கும், சர்க்கரைக் கிண்ணம் அதற்குப் பக்கத்தில்.